நாய்க்குட்டிக்கு 7 இன் 1, 9 இன் 1: எந்த வாரத்தில் எந்த ஊசி?

திண்டுக்கல்_லேப்

வணக்கம். லேப்ரடார் ஆண் குட்டி, பிறந்தது ஆகஸ்ட் 20. இன்றோடு 7 வாரம். கொடுத்தவர் 5 வாரத்தில், செப்டம்பர் 24 அன்று பப்பி டிபி போட்டதாகக் கார்டில் எழுதியிருக்கிறார். ஸ்டிக்கர் இல்லை, பேட்ச் எண்ணும் இல்லை. பூச்சி மருந்து இரண்டு முறை கொடுத்தாகிவிட்டது.

ஒரு கிளினிக்கில் "9 இன் 1 இப்போது ஒன்று, 21 நாள் கழித்து ஒன்று, அப்புறம் ஏஆர்வி (ரேபீஸ் ஊசி), அத்தோடு முடிந்தது" என்கிறார்கள். இன்னொரு இடத்தில் 7 இன் 1 போதும் என்கிறார்கள். எதைப் போடுவது, எத்தனை முறை? தேதியோடு சொன்னால் உதவியாக இருக்கும்.

கால்நடை_கோவை

முதலில் அந்த 7, 9 கணக்கு. எண் கூடினால் பாதுகாப்பும் அதே அளவு கூடும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை.

7 இன் 1 பெட்டியில் இருப்பவை: டிஸ்டெம்பர், ஹெபடைடிஸ், அடினோ 2, பார்வோ (குட்டிகளைக் கொல்லும் வயிற்றுப்போக்கு வைரஸ்), பாராஇன்ஃப்ளூயன்சா, இவற்றோடு லெப்டோஸ்பைராவில் (எலிச் சிறுநீரால் பரவும் கிருமி, சுருக்கமாக லெப்டோ) இரண்டு வகை. இதில் ஹெபடைடிஸும் அடினோ 2-உம் உள்ளே ஒரே வைரஸ்தான். அடினோ 2 ஊசியே கல்லீரலைத் தாக்கும் அடினோ 1-க்கும் பாதுகாப்பு தரும். முன்பு அடினோ 1-ஐயே ஊசியாகப் போட்டபோது சில நாய்களுக்குக் கருவிழியில் நீலம் பாய்ந்தது, அதனால் மாற்றினார்கள். லேபிளில் மட்டும் இரண்டாக எண்ணப்படுகிறது. 9 இன் 1 என்று வருவதில் லெப்டோ நான்கு வகையாக இருக்கலாம், அல்லது கொரோனா சேர்ந்திருக்கலாம். கொரோனாவுக்கென்று காசு கொடுக்கத் தேவையில்லை. நாய்களின் குடல் கொரோனா பெரும்பாலும் லேசான வயிற்றுப்போக்கோடு போய்விடும், அதற்கான ஊசியை உலகச் சிறுபிராணி கால்நடை மருத்துவர் சங்கம் பரிந்துரைப்பதில்லை. லெப்டோ நான்கு வகை இருந்தால் அது நிஜமான லாபம். லெப்டோவில் ஒரு வகைக்கான ஊசி இன்னொரு வகையைச் சரியாகத் தடுக்காது.

அதனால் பெட்டியைத் திருப்பி உள்ளடக்கத்தைப் படியுங்கள். டிஸ்டெம்பர், அடினோ 2, பார்வோ மூன்றும் எந்த ஊரானாலும் கட்டாயம். நம் நாட்டில் ரேபீஸும் கட்டாயம். நம் மழைக்கும் எலிக்கும் லெப்டோவையும் அதே வரிசையில்தான் வைப்பேன்.

எந்தக் கம்பெனி என்பதைவிடக் கடைசி டோஸ் எந்த வயதில் விழுகிறது என்பதுதான் பெரிய விஷயம். உங்களுக்குச் சொன்ன கணக்கில் 7 வாரம், 10 வாரத்தோடு கதை முடிகிறது. அது தவறு. 16 வாரம் முடிந்தபின் ஒரு டோஸ் கட்டாயம் விழ வேண்டும்.

கன்னி_சிப்பி

டாக்டர் சொன்ன 16 வாரத்துக்குக் காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். காரணம் புரியாவிட்டால் "இரண்டு போட்டாச்சு, போதும்" என்று நிறுத்திவிடுவார்கள்.

பிறந்த முதல் நாளில் குடிக்கும் சீம்பால் வழியாகத் தாயின் எதிர்ப்புப் புரதம் குட்டிக்கு வருகிறது. அது சுமார் 10 நாளுக்கு ஒரு முறை பாதியாகக் குறையும். பார்வோவுக்கு ஒரு உதாரணக் கணக்கு: 6 வாரத்தில் அளவு 320 என்று வையுங்கள். 10 நாளில் 160, 20 நாளில் 80, 30 நாளில் 40, 40 நாளில் 20. தெருவில் கிடக்கும் பார்வோவைத் தடுக்க ஏறக்குறைய 80 வேண்டும். ஊசியில் இருக்கும் பலவீனப்படுத்திய வைரஸை முடக்க அதைவிட மிகக் குறைவே போதும். அப்படியானால் 9 வாரத்திலிருந்து கிட்டத்தட்ட 12 வாரம் வரை இந்தக் குட்டிக்கு நோய் வரலாம், ஊசி மட்டும் பிடிக்காது. இந்த இடைவெளியில்தான் குட்டிகள் சாகின்றன.

இதே ஈற்றில் இன்னொரு குட்டி நன்றாகப் பால் குடித்து 1280-இல் தொடங்கியிருந்தால் அதற்கு இன்னும் 20 நாள் தள்ளிப்போகும், 14 வாரத்தையும் தாண்டிவிடும். எந்தக் குட்டி எந்த அளவில் இருக்கிறது என்று வெளியிலிருந்து தெரியாது. அதனால்தான் 2 முதல் 4 வார இடைவெளியில் திரும்பத் திரும்பப் போடுகிறோம். ஒவ்வொன்றும் முந்தையதற்கு வலு சேர்க்கும் பூஸ்டர் என்பதைவிட, ஏதாவது ஒன்று சரியான நேரத்தில் பிடிக்கட்டும் என்பதற்கான முயற்சி.

ராஜபாளையம், சிப்பிப்பாறை, கோம்பை, கன்னி எல்லாவற்றுக்கும் இதே அட்டவணைதான். "நாட்டு நாய்க்கு ஊசி எதற்கு" என்ற பேச்சால் ஒரு ஈற்றுக் குட்டிகள் மொத்தமும் பார்வோவில் போகும். தாய்க்கு இனச்சேர்க்கைக்கு முன்பே ஊசி முடித்திருக்க வேண்டும். சினையாக இருக்கும்போது உயிருள்ள வைரஸ் ஊசி வேண்டாம்.

திண்டுக்கல்_லேப்

நன்றி அண்ணா, இப்போது புரிகிறது. அப்படியானால் 5 வாரத்தில் போட்ட பப்பி டிபியைக் கணக்கில் எடுக்கலாமா?

கால்நடை_கோவை

எண்ணிக்கையில் சேர்க்க வேண்டாம். பப்பி டிபியில் டிஸ்டெம்பரும் பார்வோவும் மட்டும்தான். நாய்க்கூட்டம் அதிகமுள்ள, பார்வோ வந்துபோன இடத்தில் 4 முதல் 6 வாரத்தில் போடுவது நல்லதுதான். ஆனால் ஸ்டிக்கர் இல்லாத ஊசி போடாத ஊசிக்குச் சமம். அதற்குப் பின் 2 வாரம் ஆகாமல் அடுத்த ஊசியைப் போடக்கூடாது என்பதற்கு மட்டும் அந்தத் தேதி பயன்படும்.

உங்கள் குட்டிக்கு, 3 வார இடைவெளியில்:

அக்டோபர் 15, 8 வாரம்: டிஎச்பிபிஐ (டிஸ்டெம்பர், ஹெபடைடிஸ், பார்வோ, பாராஇன்ஃப்ளூயன்சா சேர்ந்த ஊசி), லெப்டோ இல்லாமல், வெறும் கரைப்பானில்.
நவம்பர் 5, 11 வாரம்: டிஎச்பிபிஐ, லெப்டோ முதல் டோஸ்.
நவம்பர் 26, 14 வாரம்: டிஎச்பிபிஐ, லெப்டோ இரண்டாவது, ரேபீஸ் முதல்.
டிசம்பர் 17, 17 வாரம்: டிஎச்பிபிஐ, ரேபீஸ் இரண்டாவது.
பிப்ரவரி 18, 26 வாரம்: டிஎச்பிபிஐ ஒன்று.

கடைசியாக உள்ள பிப்ரவரி டோஸை நிறையப் பேர் ஒரு வயதில் போடுகிறார்கள். 17 வாரத்திலும் ஊசி பிடிக்காத குட்டிகள் சில உண்டு. ஒரு வயது வரை காத்திருந்தால் அதுவரை அது பாதுகாப்பில்லாமல் திரியும். 6 மாதத்திலேயே போட்டுவிட்டால் அந்த ஓட்டை அடைபடும்.

மருந்துக்கடை_திருச்சி

ரேபீஸை 12 வாரத்திலேயே, நவம்பர் 12 அன்று தனியாகப் போட்டால் என்ன? நம் ஊரில் அதைத் தள்ளிப்போட மனசு வரவில்லை.

கால்நடை_கோவை

நியாயமான கேள்வி. 12 வாரம் முடிந்ததும் ரேபீஸ் போடலாம். ஆனால் நவம்பர் 5-க்கும் 12-க்கும் 7 நாள்தான். இரண்டு ஊசி ஒரே நாளில் வெவ்வேறு இடத்தில் போடலாம், இல்லாவிட்டால் குறைந்தது 14 நாள் விட வேண்டும். நடுவில் திணித்தால் இரண்டாவது ஊசிக்கு உடல் சரியாகப் பதில் தராமல் போகலாம். வீட்டைச் சுற்றித் தெருநாய் அதிகம், குட்டி வெளியே போகும் என்றால் நவம்பர் 5-ஐ நவம்பர் 12-க்கு நகர்த்தி இரண்டையும் சேர்த்துப் போட்டுவிடுங்கள். அப்போது முதல் இடைவெளி 4 வாரம் ஆகும், வரம்புக்குள்தான். அடுத்தது டிசம்பர் 3, கடைசி டிசம்பர் 24. சில முகாம்களில் 12 வாரத்துக்கு முன்பே ஏஆர்வி போட்டுவிடுவார்கள். போடட்டும், தப்பில்லை. ஆனால் 12 வாரத்துக்குப் பின் மறுபடி ஒன்று போட வேண்டும்.

பக்_வீடு

என்னிடம் இருப்பது பக், 2 கிலோகூட இல்லை. ஒரே நாளில் இத்தனையும் தாங்குமா? லேப்ரடாருக்குப் போடும் 1 மில்லியையே இதற்கும் போடுவார்களா? பாதி போடச் சொல்லலாமா மேடம்?

கால்நடை_கோவை

பாதி போடக்கூடாதுங்க. எடைக்கு ஏற்பக் குறைக்க இது மருந்து அல்ல. வைரஸ் குறைந்தபட்ச அளவில் உள்ளே போனால்தான் எதிர்ப்பு உருவாகும். 2 கிலோ பக்குக்கும் 50 கிலோ மாஸ்டிஃபுக்கும் அதே 1 மில்லிதான்.

ஆனால் உங்கள் பயத்தில் நியாயம் இருக்கிறது. சிறிய இனங்களில், ஒரே நாளில் போடும் ஊசிகளின் எண்ணிக்கை கூடக்கூட ஒவ்வாமை வாய்ப்பும் கூடுகிறது. அளவைக் குறைக்காமல் நாளைப் பிரியுங்கள். டிஎச்பிபிஐ-யோடு லெப்டோ ஒரு நாள், ரேபீஸ் குறைந்தது 2 வாரம் கழித்து. ஊசி போட்டதும் 30 நிமிடம் கிளினிக் வாசலிலேயே உட்காருங்கள். முகம் வீங்குவது, தோலில் தடிப்பு, திரும்பத் திரும்ப வாந்தி, ஈறு வெளுத்துத் தளர்ந்து விழுவது, இவற்றில் எது தெரிந்தாலும் அங்கேயே உள்ளே தூக்கிக்கொண்டு ஓடுங்கள். சில மணி நேரம் கழித்தும் வரலாம் என்பதால் மாலை 7 மணிக்குப் போட்டுவிட்டு வீட்டில் தூங்கப் போகாதீர்கள். காலையில் போடுங்கள்.

ஒரு நாள் சோர்வு, லேசான காய்ச்சல், சாப்பாடு குறைவது சகஜம். போட்ட இடத்தில் சிறு கட்டி 2, 3 வாரத்தில் கரையும். மனிதர்களுக்குக் கொடுக்கும் பாராசிட்டமால், புரூஃபென் எதையும் கையால் எடுத்துக் கொடுத்துவிடாதீர்கள். சின்ன நாய்க்கு அது விஷம்.

மருந்துக்கடை_திருச்சி

நான் சொல்ல வேண்டியது சேமிப்பு பற்றி. கார்டு முழுக்க ஸ்டிக்கர் இருந்தும் குட்டிக்குப் பார்வோ வந்தால், வயசுக் கணக்கு சரியா என்பதற்கு அடுத்துப் பார்க்க வேண்டியது குளிர் விட்டுப்போனதா என்பதைத்தான்.

2 முதல் 8 டிகிரி. டிஎச்பிபிஐ உலர்ந்த வில்லையாகக் குப்பிக்குள் இருக்கும், அது வெப்பத்தில் கெடும். ரேபீஸ் திரவம், அலுமினியச் சேர்மம் கலந்தது. அது உறைந்தால் கெடும். ஃப்ரீசரில் வைத்தால் இன்னும் நல்லது என்று நினைத்து ரேபீஸ் குப்பியைப் பாழாக்குபவர்கள் இருக்கிறார்கள். உறைந்து உருகிய குப்பியைக் குலுக்கி வைத்தால் துகள் கட்டியாகி வேகமாக அடியில் இறங்கும். அதைப் போடக்கூடாது. வில்லை சுருங்கிக் கண்ணாடியில் பிசின் மாதிரி ஒட்டிக் கிடந்தாலும் வாங்காதீர்கள்.

ஃப்ரிட்ஜ் கதவில் வைக்கக்கூடாது, நடுத்தட்டில் வைக்க வேண்டும். கடையிலிருந்து கிளினிக்குக்கு நீங்களே எடுத்துப் போவதாக இருந்தால் தெர்மோகோல் பெட்டி, ஜெல் ஐஸ் பேக், நடுவில் ஒரு துண்டுத் துணி. குப்பி நேராக ஐஸில் படக்கூடாது. பைக் டேங்க் கவரில் வைத்துக்கொண்டு மதிய வெயிலில் போவது அறவே கூடாது. முடிந்தவரை மருத்துவரின் ஃப்ரிட்ஜிலேயே இருக்கும் குப்பியைக் கேளுங்கள், காலாவதி தேதியை நீங்களே பார்த்துவிடுங்கள்.

மீட்பு_மதுரை

போடும் முறையிலும் சில கவனங்கள், பக்கத்தில் நின்று பார்ப்பவர்களுக்காக எழுதுகிறேன். வில்லைக் குப்பியில் லெப்டோ திரவத்தையோ வெறும் கரைப்பானையோ 1 மில்லி செலுத்தி, மெதுவாகச் சுழற்றிக் கரைக்க வேண்டும். கரைத்ததை உடனே போட வேண்டும், அரை மணி நேரத்துக்கு மேல் வைக்கக்கூடாது. காலையில் கரைத்து வைத்து மாலை வரை பல குட்டிகளுக்குப் போடும் வழக்கம் எங்கே இருந்தாலும் அங்கிருந்து வந்துவிடுங்கள். ஸ்பிரிட், டெட்டால் போட்டுக் கழுவிய சிரிஞ்சும் ஆகாது. உள்ளே மிச்சமிருக்கும் துளியே உயிருள்ள வைரஸைக் கொன்றுவிடும். ஒரு குட்டிக்கு ஒரு புது சிரிஞ்ச்.

ரேபீஸ் குப்பியை நன்றாகக் குலுக்க வேண்டும், மருந்து அடியில் தங்கியிருக்கும். லேபிளில் அனுமதி இருந்தால் ஒழிய இரண்டு ஊசியை ஒரே சிரிஞ்சில் கலக்கக் கூடாது. தோளுக்கு மேல் தளர்ந்த தோலைத் தூக்கிப் பிடித்துத் தோலுக்கடியில் போடுவார்கள். குட்டி உதறினால் ஊசி தோலின் மறுபக்கம் குத்தி மருந்து முடியில் வழிந்துவிடும். ஊசி எடுத்ததும் முடியைத் தடவிப் பாருங்கள். ஈரமாக இருந்தால் உடனே மருத்துவரிடம் சொல்லுங்கள்.

கன்னி_சிப்பி

மூக்கில் விடும் கென்னல் காஃப் (நாய்களிடையே பரவும் இருமல்) தடுப்பு மருந்தும் ஒன்று உண்டு. போர்டிங், கண்காட்சி, டிரெய்னிங் போகும் நாய்களுக்கு அவசியம். அதை எந்தக் காரணத்துக்காகவும் சிரிஞ்சில் எடுத்துத் தோலுக்குள் குத்தக்கூடாது. சீழ்க்கட்டி பிடிக்கும், கல்லீரல் வரை பாதிக்கலாம்.

யாழ்_நாய்நேசன்

இங்க இலங்கையில அரசாங்கம் இலவசமா விசர் (ரேபீஸ்) ஊசி போடுது. என்ர நாய்க்கு அதை மட்டும் ஒவ்வொரு வருசமும் போட்டுக்கொண்டு வாறன். மற்ற ஊசியும் வேணுமோ? வயசு 2, மற்றது ஒண்டும் போட்டதில்லை.

கால்நடை_கோவை

விசர் ஊசி விசருக்கு மட்டும்தான். பார்வோ, டிஸ்டெம்பர், லெப்டோ மூன்றுக்கும் அதில் ஒன்றும் இல்லை. 2 வயது நாய்க்குத் தாய்ப்பால் எதிர்ப்பெல்லாம் எப்போதோ போய்விட்டதால் குட்டி மாதிரி நாலு டோஸ் தேவையில்லை. டிஎச்பிபிஐ-யும் லெப்டோவும் 3 வார இடைவெளியில் இரண்டு முறை. வைரஸ் பகுதி ஒரே டோஸிலும் பிடித்துவிடும். லெப்டோ செத்த கிருமி ஊசி, இரண்டாவது போடாவிட்டால் முதலாவதும் வீண். மழைக்காலம் தொடங்குமுன் இரண்டையும் முடித்துவிடுங்கள். தேங்கிய தண்ணீரில் எலியின் சிறுநீர் கலப்பதுதான் லெப்டோ பரவும் வழி, அது மனிதருக்கும் தொற்றும்.

ஆய்வகம்44

வளர்ந்த நாய்களுக்கு ஆண்டுதோறும் எல்லாவற்றையும் போட வேண்டுமா என்ற பேச்சு எப்படியும் வரும். 2024-இல் வந்த உலகச் சங்க வழிகாட்டுதலும் டிஸ்டெம்பர், அடினோ, பார்வோ மூன்றையும், குட்டிப்பருவத் தொடர் சரியாக முடிந்திருந்தால், 3 ஆண்டுக்கு ஒரு முறைக்கு மேல் போடத் தேவையில்லை என்றுதான் சொல்கிறது. லெப்டோ ஆண்டுதோறும். ரேபீஸ் குப்பி லேபிளும் உள்ளூர் விதியும் சொல்லும் கணக்கில். நம் ஊரில் ஆண்டுதோறும் என்று வைத்துக்கொள்ளுங்கள். சென்னை மாநகராட்சி உரிமத்துக்கும் நடப்பு ரேபீஸ் சான்று கேட்பார்கள்.

சந்தேகம் இருந்தால் ரத்தத்தில் டைட்டர் (எதிர்ப்புப் புரதத்தின் அளவு) பார்க்கலாம். குட்டிக்கு என்றால் கடைசி டோஸுக்குக் குறைந்தது 4 வாரம் கழித்து எடுக்க வேண்டும், அதற்கு முன் எடுத்தால் தாயுடையதா ஊசியுடையதா என்று பிரிக்க முடியாது. பார்வோ, டிஸ்டெம்பர், அடினோவுக்கு இந்த முடிவை நம்பலாம். லெப்டோவுக்கு நம்ப முடியாது, டைட்டர் இறங்கிய பின்னும் பாதுகாப்பு இருக்கலாம், இல்லாமலும் போகலாம்.

மீட்பு_மதுரை

ஆனால் இங்கே பல கிளினிக்கில் டிஎச்பிபிஐ-யும் லெப்டோவும் சேர்ந்த செட்டாகத்தானே வைத்திருக்கிறார்கள். லெப்டோ மட்டும் கேட்டால் என்ன செய்வது?

மருந்துக்கடை_திருச்சி

செட்டில் வரும் லெப்டோ திரவத்தைத் தனியாகவே போடலாம், வில்லையைக் கரைக்காமல். ரேபீஸும் லெப்டோவும் சேர்ந்த ஆர்எல் வகையும் உண்டு. இரண்டுமே ஆண்டுதோறும் வேண்டியவை என்பதால் வளர்ந்த நாய்க்கு அது வசதி. முன்கூட்டியே சொல்லி வைத்தால் வரவழைத்துத் தருவார்கள். லெப்டோ தேதி 15 மாதத்தைத் தாண்டிவிட்டால் மறுபடி இரண்டு டோஸாகத் தொடங்கச் சொல்லுவார்கள்.

பக்_வீடு

இன்னொரு சந்தேகம். ஊசி போட்ட அஞ்சாவது நாள் வயிற்றுப்போக்கு, டெஸ்ட் கிட்டில் பார்வோ மங்கலாகப் பாசிட்டிவ். ஊசிதான் பார்வோவைக் கொடுத்தது என்று எல்லா வாட்ஸ்அப் குழுவிலும் ஓடுகிறது. உண்மையா?

ஆய்வகம்44

ஊசியில் இருக்கும் பலவீனப்படுத்திய பார்வோவும் சில நாள் மலத்தில் வெளியேறும். போட்ட 3 முதல் 10 நாளுக்குள் கிட்டில் மங்கலான கோடு வர இதுவே காரணமாக இருக்கலாம். ஆனால் கோடு அழுத்தமாக இருந்து, ரத்தம் கலந்த வயிற்றுப்போக்கும் வாந்தியும் இருந்து, வெள்ளணு இறங்கியிருந்தால் அது தெருப் பார்வோதான். ஊசி போடும் நாளுக்கு முன்பே தொற்றியிருக்கும். பார்வோ தொற்றி அறிகுறி வர 3 முதல் 7 நாள், சிலவற்றில் 2 வாரம்கூட ஆகும். ஊசி போட்ட இடத்திலேயே, காத்திருப்போர் தரையில் இறக்கிவிட்டதாலும் தொற்றலாம். குட்டியைக் கையிலோ கூடையிலோ வைத்திருங்கள்.

வீட்டில் ஏற்கெனவே பார்வோ வந்திருந்தால் ஃபினாயில் போதாது. வைரஸ் ஓராண்டு வரைகூடத் தரையிலும் மண்ணிலும் தாங்கும். முதலில் சோப்புப் போட்டு அழுக்கைக் கழுவுங்கள். பிறகு வீட்டு உபயோகத் திரவ ப்ளீச் 1 பங்குக்கு 30 பங்கு தண்ணீர், 10 நிமிடம் ஈரமாக நிற்க வேண்டும். அழுக்கு மேல் ஊற்றினால் வேலை செய்யாது. ஆசிட்டோடு கலக்கவே கூடாது.

கால்நடை_கோவை

ஊசிக்கு முன் வெப்பம், மலம், பசி மூன்றையும் பார்க்க வேண்டும். காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ இருந்தால் அன்று போடாமல் சரியான பின் போடுவோம். அதிக அளவு ஸ்டீராய்டு ஓடிக்கொண்டிருந்தாலும் தள்ள வேண்டும். பார்வோவுக்கு எதிர்ப்புப் புரதச் சீரம் ஏற்றியிருந்தால் அதைக் கார்டில் எழுதச் சொல்லுங்கள். தாய்ப்பால் எதிர்ப்பு செய்வதை அதுவும் செய்யும், ஊசியை முடக்கிவிடும். குடற்புழு மருந்து 8 வாரம் வரை 2 வாரத்துக்கு ஒரு முறை, பின் 6 மாதம் வரை மாதம் ஒன்று.

இன்னொன்று. ஊசி போட்ட நாயே கடித்தாலும், மனிதர் காயத்தை உடனே 15 நிமிடம் சோப்புத் தண்ணீரில் கழுவி மருத்துவமனைக்குப் போக வேண்டும். நாயின் கார்டைக் காட்டி அதைத் தள்ளிப்போடக்கூடாது. உங்கள் நாயைத் தெருநாய் கடித்தாலும் அதே கழுவல், அன்றே மருத்துவரிடம் ரேபீஸ் மறு டோஸ்.

திண்டுக்கல்_லேப்

எல்லாருக்கும் நன்றி. அட்டவணையை அப்படியே எடுத்துக்கொண்டேன். இரண்டு கேள்வி மிச்சம். டிசம்பர் 17 அன்று குடும்பத்தோடு வெளியூர். 10-ஆம் தேதிக்கு முன்னே இழுக்கலாமா, 24-க்குத் தள்ளலாமா? அதுவரை குட்டியை வெளியே காட்டவே கூடாதா?

கால்நடை_கோவை

24-க்குத் தள்ளுங்கள். 10-ஆம் தேதியும் கணக்குப்படி சரிதான், 16 வாரமும் ஆகும், 14 நாள் இடைவெளியும் இருக்கும். ஆனால் கடைசி டோஸ் தாமதமாக விழுந்தால் பிடிக்கும் வாய்ப்பு கூடுதல், நவம்பர் 26-இலிருந்து 4 வாரம் வரம்புக்குள் இருக்கிறது. ரேபீஸ் இரண்டாவதையும் அன்றே சேர்த்துவிடலாம். வெளியூருக்குக் குட்டியையும் கூட்டிப் போவதாக இருந்தால் மட்டும் 10-ஆம் தேதி போட்டுவிட்டுப் போங்கள், திரும்பி வந்து ஜனவரி 7 அன்று இன்னொரு டிஎச்பிபிஐ போட்டுக்கொள்ளலாம்.

வெளியே காட்டலாம், காட்ட வேண்டும். 14 வாரம் வரைதான் குட்டி புது ஆட்களையும் சத்தங்களையும் எளிதாக ஏற்கும். கையில் தூக்கிக்கொண்டு கடைத்தெரு, பஸ் சத்தம், பிள்ளைகள் எல்லாம் காட்டுங்கள். ஊசி முடித்த ஆரோக்கியமான நாய் இருக்கும் வீட்டுக்குப் போகலாம். தெருமண், பூங்காப் புல், கிளினிக் தரை, நாய்க்கடை இவற்றில் கால் படவிட வேண்டாம். டிசம்பர் 24-க்கு இரண்டு வாரம் கழித்து, ஜனவரி 7-இலிருந்து சங்கிலி போட்டு நடத்திக் கூட்டிப் போங்கள்.